விபிஎன் போட்டும் ஆபீஸ் சிஸ்டம் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் சில சிறிய ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸ்கள், நூல் வியாபாரிகள், சிறு தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவுகள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகள் நெருங்கினால் இரவு பத்து மணிக்கு மேல் போன் வரத் தொடங்கும். "வீட்ல இருந்து ஆபீஸ் சிஸ்டம் வரலைங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் காரணம் வேறாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே விண்டோஸ் கம்ப்யூட்டரையும் அதிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் வைத்து எழுதியவை.

1. விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை. விபிஎன் உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க் வரை போடப்படும் தனிப் பாதை. அதில் போவதை வழியில் யாரும் படிக்க முடியாது. ரிமோட் டெஸ்க்டாப் அந்தப் பாதையில் போய், உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை வீட்டுக்குக் கொண்டுவருவது.

இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முதலில் வீட்டு நெட் வேலை செய்கிறதா, அப்புறம் விபிஎன் இணைகிறதா, அப்புறம் ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா, கடைசியாக லாகின் ஏற்கப்படுகிறதா. எந்தப் படியில் நின்றது என்பதும், அப்போது திரையில் வந்த வாசகமும் தெரிந்தால் போதும். "வரல" என்று மட்டும் சொன்னால் நான் முதல் படியிலிருந்துதான் தேட வேண்டும். திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

2. 'கனெக்டட்'னு பச்சையா காட்டுது. ஆனா ஆபீஸ் சிஸ்டம் மட்டும் வரமாட்டேங்குதுங்க.

நான் அதிகம் கேட்பது இதுதான். பச்சை விளக்குக்கு, ஆபீஸ் வாசல் வரை வந்துவிட்டீர்கள் என்று மட்டுமே பொருள். முதலில் ஆபீஸ் ரவுட்டரின் உள் முகவரிக்கு பிங் (ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை, ping) கொடுத்துப் பாருங்கள். பல இடங்களில் அது 1 என்று முடியும், உதாரணமாக 192.168.10.1. பதில் வந்தால் பாதை சரி, கோளாறு உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில். (வீட்டு ரவுட்டரின் முகவரியும் அதுவே என்றால் பதில் சொல்வது வீட்டு ரவுட்டராக இருக்கலாம், முதலில் 9-ஆம் கேள்வியைப் பாருங்கள்.) அதற்கு 3, 4, 10 ஆகிய கேள்விகளைப் பாருங்கள். ரவுட்டரிடமிருந்தே பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் 9-ஆம் கேள்வியில் சொல்லியிருப்பதுதான் காரணம்.

பக்கத்து மேஜைக்காரருடைய சிஸ்டம் அவருக்கு வருகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதும் நல்லது. அவருக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் ஆபீஸ் நெட், விபிஎன் சர்வர் இரண்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

3. கிளம்பும்போது ஆன்லதான் வெச்சுட்டு வந்தேன். அப்புறம் எப்படி ஆஃப் ஆகும்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஸ்லீப். விண்டோஸ் குறிப்பிட்ட நேரம் யாரும் தொடாவிட்டால் தானாகத் தூங்கிவிடும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்ற வேண்டும். திரை அணைவதால் பாதகமில்லை. இரண்டு, கரண்ட் கட். யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் சிஸ்டம் அணையும், கரண்ட் வந்தாலும் தானாக எழாது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். அதை 'ஆன்' என்று வைத்துவிட்டால் கரண்ட் வந்ததும் சிஸ்டமும் எழுந்துவிடும். நம் ஊரில் ஒவ்வொரு ஆபீஸிலும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. மூன்று, நேற்று இரவு நீங்களே ரிமோட்டில் இருந்தபடி வழக்கம்போல ஷட் டவுன் கொடுத்திருப்பீர்கள். ரிமோட்டில் வேலை முடிந்தால் 'டிஸ்கனெக்ட்' அல்லது 'சைன் அவுட்' மட்டும் கொடுங்கள்.

தூங்கும் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாக எழுப்பும் 'வேக் ஆன் லேன்' வசதி உண்டு. ஆனால் அந்த எழுப்பும் செய்தி ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் பொதுவாகக் கூவப்படுவது. வழக்கமான விபிஎன்னைத் தாண்டி அது உள்ளே போகாது. விழித்திருக்கும் ஒரு சர்வரோ அந்த வசதியுள்ள ரவுட்டரோ ஆபீஸுக்குள் இருந்து அதை அனுப்ப வேண்டும்.

4. நேத்து வரைக்கும் வந்த ஐபி நம்பர் இன்னைக்கு வரல. கம்ப்யூட்டர் பேரை அடிச்சாலும் வரல.

ஐபி நம்பரை, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் சிஸ்டத்தின் முகவரியை, ஆபீஸ் ரவுட்டர் வாடகைக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ சிஸ்டம் சில நாள் ஆஃபில் இருந்தாலோ நம்பர் மாறக்கூடும். பழைய நம்பரில் இப்போது பிரிண்டர்கூட உட்கார்ந்திருக்கலாம். ரவுட்டரில் உங்கள் சிஸ்டத்துக்கென்று ஒரு நம்பரை ஒதுக்கி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஐந்து நிமிட வேலை.

பெயர் வேலை செய்யாததற்குக் காரணம் வேறு. சிறிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூவித்தான் கண்டுபிடிக்கின்றன. முந்தைய பதிலில் சொன்ன மாதிரி, கூவல் விபிஎன்னைத் தாண்டாது. ஆபீஸில் பெயருக்குரிய நம்பரைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் தனியாக இருந்து, விபிஎன் அதைக் காட்டும்படி அமைத்திருந்தால்தான் பெயர் வேலை செய்யும். இல்லையென்றால் நம்பரையே பயன்படுத்துங்கள்.

5. ஆபீஸ்ல நாலு நம்பர் பின் போட்டுத்தான் திறப்பேன். இங்க அதையே போட்டா தப்புங்குது.

பின் அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். ரிமோட்டில் அந்த அக்கவுன்டின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்றால் யூசர் நேம் இடத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். ஆரம்பத்திலிருந்தே பின்னில் மட்டும் திறந்து வந்தவர்கள், ஆபீஸில் ஒரு முறையாவது பாஸ்வேர்ட் போட்டுத் திறந்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டே வைக்காமல் என்டர் தட்டித் திறக்கும் சிஸ்டமும் ரிமோட்டில் வராது. வெற்றுப் பாஸ்வேர்ட் உள்ள அக்கவுன்டை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிப்பதில்லை.

6. புதுசா வாங்கின சிஸ்டத்துல ரிமோட் டெஸ்க்டாப் ஆன் பண்ற பட்டனே காணோமே?

அது விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குள் போகலாம், ஆனால் அதற்குள் யாரும் வர முடியாது. வீட்டு லேப்டாப் ஹோமாக இருந்தால் போதும், ஆபீஸ் சிஸ்டம் 'ப்ரோ' பதிப்பாக இருக்க வேண்டும். ஆபீஸுக்குச் சிஸ்டம் வாங்கும்போது கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

7. விபிஎன்னே கனெக்ட் ஆகல. 809, 691னு ஏதோ நம்பர் வருது.

அந்த நம்பர்தான் எனக்கு வேண்டிய தகவல். 691 வந்தால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். 868 என்றால் விபிஎன் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டு நெட்டே இல்லாமல் இருக்கலாம், பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம். 789 என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய ரகசியச் சாவியோ சான்றிதழோ பொருந்தவில்லை.

809 என்றால் ஆபீஸ் பக்கமிருந்து பதிலே வரவில்லை. ஆபீஸ் நெட் போயிருக்கலாம். அல்லது நடுவில் ஏதோ ஒரு ரவுட்டரோ ஃபயர்வாலோ விபிஎன்னுக்குத் தேவையான யூடிபி 500, 4500 போர்ட்டுகளை (தகவல் போய்வரும் எண்ணிட்ட கதவுகள்) அடைத்திருக்கலாம். லாட்ஜ், கல்லூரி வைஃபைகளில் இது நடக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். அதில் இணைந்தால் அந்த வைஃபைதான் அடைக்கிறது.

8. ஆப்ல வர்ற ஆறு இலக்கக் கோடைச் சரியாத்தான் போடறேன். தப்புன்னே சொல்லுது.

போனின் நேரத்தைப் பாருங்கள். அந்தக் கோடு நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, பொதுவாக 30 வினாடிக்கு ஒரு முறை மாறும். போன் கடிகாரம் இரண்டு நிமிடம் தள்ளியிருந்தாலே கோடு பொருந்தாது. நேரத்தைத் தானியங்கி என்று வைத்துவிடுங்கள். இதேபோல் பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய்த் தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால், சான்றிதழ் செல்லாது என்று விபிஎன் மறுக்கும்.

9. மொபைல் ஹாட்ஸ்பாட்ல நல்லா வருது. வீட்டு வைஃபைல மட்டும் வரல. வைஃபை ஸ்பீடுதான் அதிகம்!

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு இடத்து முகவரிகளும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளோடுதான் கடையிலிருந்து வருகின்றன. ஆபீஸ் ரவுட்டரை வைத்தவரும் அதை மாற்றாமல் விட்டிருப்பார். ஊருக்கு ஊர் காந்தி வீதி இருப்பதுபோல உங்கள் வீட்டிலும் ஒரு 192.168.1.25 இருக்கலாம், ஆபீஸிலும் இருக்கலாம். நீங்கள் அந்த நம்பரைக் கேட்டதும், 'இது இந்த வீதிதானே' என்று லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன் பாதையில் அனுப்புவதே இல்லை. ஹாட்ஸ்பாட்டில் வேறு முகவரி வருவதால் குழப்பம் வரவில்லை.

சோதிக்க, விபிஎன் போடுவதற்கு முன் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டி, ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களைப் பாருங்கள். ஆபீஸ் முகவரியின் முதல் மூன்று எண்களும் அவையே என்றால் சந்தேகமே வேண்டாம். அவசரத்துக்கு ஹாட்ஸ்பாட் போதும். அல்லது வீட்டு ரவுட்டரின் உள் முகவரியை 192.168.57.1 போல எதற்காவது மாற்றிவிடுங்கள்.

ஆனால் இருபது பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆபீஸில் இருபது வீட்டு ரவுட்டரை மாற்றுவதைவிட ஆபீஸ் ரவுட்டர் ஒன்றை மாற்றுவதே சரி. தனி நெட்வொர்க்குகளுக்கென்று 1996-லேயே மூன்று பெரிய முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168. பத்தில் தொடங்கும் தொகுதியில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் முகவரிகள். அதிலிருந்து 10.47.20 போல யாரும் எடுக்காத ஒன்றை ஆபீஸுக்கு வைத்துவிட்டால் இந்தக் கேள்வி திரும்ப வராது. மாற்றும் நாளில் பிரிண்டர், பயோமெட்ரிக், கேமரா எல்லாவற்றின் முகவரியையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

10. பிங் பண்ணா பதில் வருது. ஆனா ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ட் ஆகல.

கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, ரிமோட்டுக்கான கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கதவு 3389 என்ற போர்ட். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) கட்டளையோடு முகவரியும் இந்தப் போர்ட்டும் கொடுத்தால் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். மூடியிருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகாமல் இருக்கலாம், அல்லது ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வால் தடுக்கலாம். ஆன்டிவைரஸைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் போன் எனக்கு வரும். விபிஎன்னில் வருபவருக்கு ஆபீஸ் முகவரியிலிருந்து வேறுபட்ட முகவரி கிடைப்பதால், ஃபயர்வால் அவரை வெளி ஆளாகப் பார்க்கிறது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். விபிஎன் முகவரி வரம்பை மட்டும் அனுமதியுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். சில கம்ப்யூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும், ரிமோட் மட்டும் நன்றாக வரும். ஆகவே பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்து சிஸ்டம் ஆஃப் என்று முடிவு செய்ய வேண்டாம்.

11. விபிஎன்ல டேலி திறந்தா ஒரு வவுச்சருக்கு ஒரு நிமிஷம் ஆகுது. நெட் பிளானை ஏத்தணுமா?

வேண்டாம், பணம்தான் வீணாகும். நீங்கள் வீட்டு லேப்டாப்பில் டேலியைத் திறந்து, ஆபீஸில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரிலிருந்து டேட்டாவை எடுக்கிறீர்கள். இப்படித் திறக்கும்போது மென்பொருள் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான முறை போய்வரும். ஆபீஸுக்குள் ஒரு போய்வரவுக்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. விபிஎன்னில் 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் போய்வரவுக்கு 40 வினாடி. நெட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது, அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் சிஸ்டத்துக்குள் போய் அங்கேயே டேலியைத் திறங்கள். டேட்டா ஆபீஸைவிட்டு வெளியே வராது, திரையின் படம் மட்டும் உங்களுக்கு வரும். லைன் அறுந்தாலும் பாதி அடித்த வவுச்சர் அங்கே அப்படியே இருக்கும். அதுவும் மெதுவாக இருந்தால் ஆபீஸ் நெட்டின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். திரை ஆபீஸிலிருந்து வெளியே வருகிறது, அதனால் அங்கே டவுன்லோடு வேகம் உதவாது.

12. பாஸ்வேர்ட் எல்லாம் ஏத்துக்குது. அப்புறம் கறுப்புத் திரையோட நின்னுடுது.

பல காரணங்களில் ஒன்று, பொட்டலத்தின் அளவு. நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும், ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை இருக்கலாம். விபிஎன் தன் உறையையும் மேலே சுற்றுவதால் உள்ளே இடம் குறைகிறது. லாகின் போன்ற சின்னப் பொட்டலங்கள் போய்விடும், திரை போன்ற பெரியவை வழியில் மாட்டிக்கொள்ளும். விபிஎன் இணைப்பின் எம்டியூ மதிப்பை (பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1400 என்று குறைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் 1300. வயர்கார்டு விபிஎன் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். ஓப்பன்விபிஎன் டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஓடினால் யூடிபி முறைக்கு மாற்றிப் பாருங்கள், அடிக்கடி உறைந்து நிற்பது குறையும்.

13. ஆபீஸ்ல நெட் கம்பெனி மாத்தினாங்க. அன்னைலிருந்து யாருக்குமே விபிஎன் வரல. நெட் சூப்பரா ஓடுது.

ஆபீஸின் வெளி முகவரி மாறியிருக்கும், பழையதுதான் எல்லோருடைய லேப்டாப்பிலும் இருக்கும். அது எளிய காரணம். மாற்றிப் போட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் புது நிறுவனம் உங்களுக்கென்று ஒரு பொது முகவரியே தரவில்லை என்று பொருள். ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறை என்பதால் பல நிறுவனங்கள் நிறைய வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதை சிஜிநேட் என்பார்கள். உள்ளிருந்து வெளியே எல்லாம் போகும், வெளியிலிருந்து உங்கள் ஆபீஸைத் தேடி யாரும் உள்ளே வர முடியாது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN, வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உறுதி. இந்த வரம்பு 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேட்டு வாங்குவதே நேரான வழி, அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. முடியாவிட்டால் டெய்ல்ஸ்கேல், ஜீரோடயர் போல இரண்டு பக்கமும் வெளியே வந்து நடுவில் சந்திக்கும் வகை விபிஎன்களைப் பாருங்கள்.

14. இவ்வளவு தொல்லை எதுக்கு? விபிஎன் இல்லாம ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து விட்டுடுங்களேன்.

மாட்டேன். எத்தனை முறை கேட்டாலும், கடைசித் தேதி இரவே ஆனாலும். திறந்த 3389 போர்ட்டைத் தேடி இணையம் முழுவதும் நிரல்கள் இடைவிடாமல் சுற்றுகின்றன, கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக முடியும் என்ற நிலை. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம். போர்ட் எண்ணை வேறாக மாற்றிவைத்தாலும் அதையும் தேடிப் பிடிப்பார்கள்.

ஒரு ஆபீஸில் எனக்கு முன்பிருந்தவர் இப்படித் திறந்து விட்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஃபைல்களும் பூட்டப்பட்டிருந்தன, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருந்தது. பேக்கப் டிஸ்கும் அதே சிஸ்டத்தில் செருகியிருந்ததால் அதுவும் போனது. மூன்று வருடக் கணக்கை பில்லிலிருந்து திரும்ப அடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்ததைப் பார்த்தவன் நான்.

15. அப்ப எனிடெஸ்க் போதாதா?

எனிடெஸ்க், விபிஎன் இல்லாமலே இன்னொரு கம்ப்யூட்டரின் திரையை இணையம் வழியாகக் கொண்டுவரும் மென்பொருள். ஒருவர் இருவருக்கு, அவசரத்துக்கு, போதும். வியாபார உபயோகத்துக்குக் கட்டண உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். யாரும் இல்லாதபோது இணையும் வசதிக்கு வலுவான பாஸ்வேர்டும் இரண்டாவது சரிபார்ப்பும் வையுங்கள். பத்துப் பேர் தினமும் வேலை செய்யும் இடத்தில் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது ஒரே இடத்தில் தெரிய வேண்டும், அதற்கு விபிஎன்தான் நல்லது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போனில் சொல்லி எனிடெஸ்க் போடச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2019-இல் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

16. இந்தியாவுல விபிஎன் தடைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

ஆபீஸ் விபிஎன்னுக்குத் தடை இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்தது.

17. நானும் வீட்டுக்காரரும் ஒரே ஆபீஸ். நான் கனெக்ட் பண்ணா அவருக்குக் கட் ஆகுது.

எல்2டிபி வகை விபிஎன்னில் இது பழைய பிரச்சினை. வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் ஒரே சர்வருக்குப் போனால், பல சர்வர்களால் இருவரையும் பிரித்தறிய முடிவதில்லை. இன்று இரவுக்கு ஒருவர் ஹாட்ஸ்பாட்டில் போங்கள். ஆபீஸில் சொல்லி வயர்கார்டு அல்லது ஓப்பன்விபிஎன்னுக்கு மாறினால் தீர்ந்துவிடும். அப்போது ஒருவருக்கு ஒரு சாவி என்று தனித்தனியாக வாங்குங்கள். ஒரே சாவியை இருவர் போட்டால் வயர்கார்டிலும் இதே கதைதான்.

18. வேலையை விட்டுப் போனவர் லேப்டாப்பைத் திரும்பக் கொடுத்துட்டார். வேற ஏதாவது செய்யணுமா?

செய்ய வேண்டும், அன்றைக்கே. விபிஎன் சாவி ஒரு சின்ன ஃபைல். அவருடைய சொந்த லேப்டாப்பிலும் போனிலும் அதன் நகல் இருக்கலாம், அவர் மறந்தே போயிருக்கலாம். சர்வரில் அவர் சாவியை நீக்குங்கள், ஓப்பன்விபிஎன் என்றால் சான்றிதழை ரத்து செய்யுங்கள். அவருடைய விண்டோஸ் அக்கவுன்டையும் முடக்குங்கள். எல்லோரும் ஒரே சாவியில் ஓடும் ஆபீஸ் என்றால் அன்று எல்லோருக்கும் புதுச் சாவி கொடுக்க வேண்டிவரும்.